அரைக்கம்பத்தில் என் தம்பி

என் பெயர் அர்ன்கிரீமுர். வயது எழுபத்து மூன்று. எங்கள் ஊரில் எழுபதைத் தாண்டியவர்கள் அத்தனை பேரும் என் கணினியில் ஏற்கெனவே காலமாகிவிட்டார்கள்.

பதற வேண்டாம். இங்கே யார் செத்தாலும் செய்தித்தாளுக்கு நினைவுக் கட்டுரை எழுதியாக வேண்டும். மீன்பிடிக்கிறவரோ தபால்காரியோ, பாகுபாடே கிடையாது. மனைவி ஒன்று எழுதுவாள், மகன் ஒன்று எழுதுவான், சீட்டாட்டக் கூட்டாளி ஒன்று எழுதுவான். எழுதிவிட்டுப் பிழை பார்க்க என்னிடம் கொண்டுவருவார்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இவர்களுக்கெல்லாம் ஐஸ்லாந்து மொழி சொல்லிக்கொடுத்தவன் நான். அப்போதே ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் இப்போது திருத்த வேலை இருந்திருக்காது. துக்க வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்று அவசரப்படுத்துவது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நான் முன்கூட்டியே ஆளுக்கொரு கட்டுரை எழுதிச் சேமித்து வைக்க ஆரம்பித்தேன். கடைத்தெருவில் யாராவது தெம்பாக நடந்து வந்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோய் என் வேலையும் போன பிறகு, மீன் ஆலையில் வேலை பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். புதன்கிழமை ஐந்து மணிக்கு, ஆலையின் சாப்பாட்டு அறையில். ஒன்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஏழு பேர் வருவார்கள், அதில் ஐந்து பேர் விழித்திருப்பார்கள். அந்த ஐந்து பேரில் கேள்வி கேட்கிறவள் போழேனா ஒருத்திதான். போலந்துக்காரி, ஐம்பது வயது இருக்கும், பன்னிரண்டு வருஷமாக எங்கள் ஊரில் மீன் அறுக்கிறாள். எங்கள் நாட்டில் அமைச்சரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளோ எத்தனை தடவை சொன்னாலும் 'வாத்தியாரே', 'நீங்க' என்பதை விடமாட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் நான் நடத்திய பாடம் வாலுள்ள வினைகள். எங்கள் மொழியில் வினைச்சொல்லின் கடைசியில் 'ஸ்த்' என்று ஒரு சின்ன வாலை ஒட்டலாம். 'மறந்தேன்' என்று தொடங்கியவன் வாலை ஒட்டினால் 'மறந்துபோயிற்று' என்று முடித்துக்கொள்ளலாம். தொலைத்தவன் காணாமல் போவான், தொலைந்துபோனது மட்டும் மிஞ்சும். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை உண்டு. அதில் ஆள் தனக்குத் தானே செய்துகொள்கிறான். உட்காருவது எங்களுக்குத் தன்னை உட்காரவைத்துக்கொள்வது. அவசரப்படுவது தன்னைத் தானே விரட்டிக்கொள்வது. வெட்கப்படுவது தன்னைத் தானே திட்டிக்கொள்வது. இந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் வாலும் உண்டு, கூடவே 'தன்னை'யும் தனியாக உண்டு. ஒரு தடவை திட்டிக்கொண்டால் இவன்களுக்கு உறைக்காது என்று முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"வாத்தியாரே, 'தட்டு உடைஞ்சுபோச்சு.' சரி. யாரு உடைச்சா?" என்று கேட்டாள் போழேனா.

"யாரும் உடைக்கல. அதான் இந்த வினையோட அழகு."

"தட்டு தானா உடையுமா?"

"இலக்கணத்துல உடையும்."

"ஆலையில உடையாது. பெட்டி கீழ விழுந்தா மேற்பார்வை ஹுல்டா வந்து யாரு போட்டான்னுதான் கேப்பா."

"விழுந்துபோச்சுன்னு சொல்லிப் பாரேன்."

"சொன்னேன். 'உன் வேலையும் அப்படியே போயிடும்'னா."

எல்லாரும் சிரித்தார்கள், தூங்கிய இருவரும் எழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே கொஞ்சம் குத்தியது. ஏனென்றால் என் வாழ்க்கை முழுவதையும் நான் அந்த வாலைப் பிடித்துக்கொண்டேதான் கடந்து வந்திருக்கிறேன். தெற்கே பல்கலைக்கழகத்தில் படிப்பு நின்றுபோயிற்று, அதாவது பரீட்சை நடந்த காலையில் நான் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் முறிந்துபோயிற்று, அதாவது இருபத்திரண்டு வருஷம் அவள் பேசினாள், நான் குறுக்கெழுத்துப் போட்டேன். என் தம்பியின் படகு கூட அவிழ்ந்துபோயிற்று. என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு அவிழ்ந்துபோயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பெர்குர் என்னைவிட இரண்டு வயது இளையவன். முப்பது வருஷம் 'ஸ்வாலா' என்ற ஆறு டன் படகை ஓட்டி அந்த ஆலைக்கு மீன் இறக்கியவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதப் புயலில், ஸ்வாலா துறையிலிருந்து கழன்று பாறையில் மோதிச் சுக்குநூறானது. அன்று பெர்குருக்குக் காய்ச்சல். படகை நன்றாகக் கட்டிவிட்டு வா என்று என்னைத்தான் அனுப்பியிருந்தான். மறுநாள் அவன் வீட்டு அடுப்படியில் நின்று "கயிறு அவிழ்ந்துபோச்சு" என்றேன். அவன் "அப்படியா" என்றான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

பேசவில்லை என்றால் பார்க்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் பார்த்தோம், அதுவும் அரை நிர்வாணமாக. காலை ஏழரைக்கு நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் உட்காராவிட்டால் எங்கள் ஊரில் ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். சண்டை என்பதற்காகத் தொட்டியை விட்டுக்கொடுக்க அவனும் தயாராக இல்லை, நானும் தயாராக இல்லை. அதனால் பதினோரு வருஷமாக அவன் கடல் பக்கம், நான் மலைப் பக்கம், நடுவில் சிக்வால்டி. சிக்வால்டி ஓய்வுபெற்ற மின்பணியாளர். அறுந்த கம்பிகளை இணைத்துப் பழகியவர்.

"சிக்வால்டி, நாளைக்கு வடக்குக் காத்துன்னு சொல்றாங்க," என்பேன் நான்.

சிக்வால்டி தலையைத் திருப்புவார். "பெர்குர், நாளைக்கு வடக்குக் காத்தாம்."

"தெரியும்னு சொல்லு."

"அவனுக்குத் தெரியுமாம்."

அந்தத் தொட்டிக்குக் குறுக்களவு இரண்டே மீட்டர். கால் நீட்டினால் முட்டும், அதனால் இரண்டு பேரும் நீட்டாமல் உட்கார்ந்திருப்போம். சிக்வால்டி சொல்லிச் சொல்லியே இரண்டு பேர் குரலும் அவர் தொண்டையில் வந்துவிட்டது. என் செய்திக்குக் கொஞ்சம் மூக்கால் பேசுவார். ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. சின்ன ஊர், எல்லாருக்கும் பேசாத ஆள் ஒருத்தராவது உண்டு.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெர்குர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "சிக்வால்டி, வர்ற சனிக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த சனிக்கிழமை நான் தெக்கே போறேன். மக வீட்டுக்கு. இங்க வீட்ட வித்தாச்சு."

சிக்வால்டி என் பக்கம் திரும்பினார். "பெர்குர் போறானாம். ஒரேயடியா," என்றார்.

நான் சொன்னது என்ன தெரியுமா? "பிரயாணம் நல்லபடியா அமையட்டும்னு சொல்லு." முப்பத்தொரு வருஷம் மொழி சொல்லிக்கொடுத்தவனின் வாயில், கூடப்பிறந்தவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அடுத்த திங்கள்கிழமை சிக்வால்டி வெயில் காய டெனரீஃப் தீவுக்குப் பறந்துவிட்டார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மார்ச்சில் அங்கேதான் சிவந்துபோய்க் கிடப்பார்கள். தொட்டியில் நானும் பெர்குரும் மட்டும். திங்கள் பேசவில்லை. செவ்வாய் பேசவில்லை. செவ்வாய் மத்தியானம் வீட்டுக்கு வந்து, என்னால் எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்தேன். கணினியைத் திறந்து, பெர்குரின் நினைவுக் கட்டுரையைப் புதிதாக எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன், ஒளிக்காமல் சொல்கிறேன். உயிரோடு இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தவனுக்கு. நன்றாகவும் வந்திருந்தது. படித்துப் பார்க்க ஒரு பிரதி எடுத்து மேசையில் வைத்தேன். பக்கத்திலேயே மறுநாள் வகுப்புக்கான பயிற்சித் தாள் இருந்தது, ஓட்டை டயரும் தீய்ந்த கஞ்சியும் பற்றி நானே எழுதிய ஒரு பக்கக் கதை.

புதன்கிழமை காலை தொட்டியில் பெர்குர் தொண்டையைக் கனைத்தான். ஏதோ பேசப்போகிறான் என்று தெரிந்தது. பதினோரு வருஷமாகக் காத்திருந்த நான் என்ன செய்தேன் என்றால், எழுந்து ஓடினேன். அந்த ஓட்டத்தில் படிக்கிற கண்ணாடி தொட்டிக்கரையில் மறந்துபோயிற்று. சரி, மறந்தேன்.

அன்று சாயங்காலம் கண்ணாடி இல்லாமலேதான் வகுப்புக்குப் போனேன். போகும்போது மேசையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டேன். ஆலை அலுவலகத்து இயந்திரத்தில் ஒன்பது பிரதி போட்டு, வகுப்பு முடிகிற நேரத்தில் விநியோகித்தேன்.

"வீட்டுப் பாடம். யாரும் செய்யாம தானா நடக்கிற வினை எங்கெல்லாம் வருதோ, அங்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டுட்டு வாங்க."

போழேனா நின்றபடியே முதல் வரிகளைப் படித்தாள். அவள் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. "வாத்தியாரே, இது நெஜமாவே நடந்ததா?"

"நெஜ வாழ்க்கையிலருந்து எடுத்தாத்தான் மனசுல நிக்கும், போழேனா," என்றேன் பெருமையாக. தீய்ந்த கஞ்சி என் வீட்டுக் கஞ்சி.

அவள் என் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை குலுக்கினார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பாடம் இவ்வளவு நன்றாகப் போனதில்லை என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

வியாழக்கிழமை. லேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. தொட்டியில் அவன் கடல் பக்கம், நான் மலைப் பக்கம். என் பக்கமிருந்து பார்த்தால் ஆலையின் கொடிக்கம்பம் தெரியும். எட்டு மணிக்குச் சற்று முன்னால் அதில் கொடி ஏறியது. உச்சிவரை போய், மெதுவாகக் கீழே இறங்கி, பாதியில் நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துப் பெர்குரும் திரும்பிப் பார்த்தான்.

எங்கள் ஊரில் அரைக்கம்பத்தில் கொடி கண்டால் யார் என்று கேட்டாக வேண்டும். கேட்க ஆள் இல்லை. சிக்வால்டி டெனரீஃபில்.

"யாரோ போயிட்டாங்க போல," என்றான் பெர்குர், ஆகாயத்திடம்.

"யாருன்னு தெரியலையே," என்றேன் நான், மலையிடம்.

மனதுக்குள் என் கணினிப் பட்டியலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கட்டுரை தயார், யாருடையது இன்னும் அரைகுறை என்று. அதற்குள் தேவாலயத்தில் கொடி பாதியில் நின்றது. பிறகு பள்ளிக்கூடத்தில். பிறகு கடைக்காரர் வீட்டில். இத்தனை வீட்டில் கொடி என்றால் பெரிய ஆள். பெர்குர் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் துக்கமாக இருந்தது. எனக்கும்தான்.

அப்போதுதான் குளத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் ஆலை மேற்பார்வையாளர் ஹுல்டா, வெள்ளை வேலை உடுப்போடு. பின்னால் போழேனா, ஒரு கையில் கசகசா கேக், இன்னொரு கையில் என் வீட்டுப் பாடத் தாள். என்னைப் பார்த்ததும் போழேனாவின் கண் கலங்கியது. பிறகு எனக்கு எதிரே பார்த்தாள். கேக் கீழே விழுந்தது.

"இவரு செத்துட்டாரே!" என்று அலறிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாரு?" என்றான் பெர்குர்.

"நீதான்," என்றாள் ஹுல்டா. அவள் எப்போதும் சுருக்கமாகப் பேசுகிறவள். "ஊர் முழுக்கக் கொடி உனக்குத்தான் பறக்குது. தெக்கே உன் மகளுக்கு இன்னும் சொல்லல, அண்ணன்காரன் சொல்லட்டும்னு விட்டோம்."

"எவன் சொன்னான் நான் செத்தேன்னு?"

ஹுல்டா விரலால் என்னைக் காட்டினாள். "இவன்தான் எழுதிக் குடுத்திருக்கான். வீட்டுப் பாடமா."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நீச்சல் உடுப்பில், கழுத்துவரை வெந்நீரில், எழுபத்து மூன்று வயதில். தலையை உள்ளே முக்கினேன். மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? மேலே வந்தபோது எல்லாரும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெர்குர் ஈரக் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினான். நேற்று நான் விட்டுவிட்டு ஓடிய இடத்தில் என் கண்ணாடி பனி மூடிக் கிடந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொண்டான். இரண்டு பேருக்கும் அப்பாவின் கண், அளவு ஒன்றுதான்.

அவன் நிதானமாகப் படித்தான். எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். பன்னிரண்டு வயதில் நான் காலை உடைத்துக்கொண்டபோது, பத்து வயதுப் பெர்குர் என்னைச் சறுக்குவண்டியில் போட்டு மலையிலிருந்து வீடுவரை இழுத்து வந்தது முதல் பத்தியில் இருந்தது. அவனைப் போலக் கடலைப் படிக்கத் தெரிந்தவன் இந்தக் கரையில் இல்லை என்பது இரண்டாவது பத்தியில். அவன் நேரில் கேட்க நான் ஒரு நாளும் சொல்லாதவை எல்லாம். மூன்றாவது பத்தியில் படகு. 'புயலில் ஸ்வாலா அவிழ்ந்துபோயிற்று. எங்கள் பேச்சு நின்றுபோயிற்று. சொல்ல வேண்டியது தள்ளிப்போயிற்று. வருஷங்கள் கழிந்துபோயின.' அந்தப் பத்தி முழுக்கப் போழேனாவின் சிவப்புக் கோடுகள். வீட்டுப் பாடத்தைத் துக்கத்திலும் தவறாமல் செய்திருந்தாள்.

பெர்குர் படித்து முடித்துவிட்டுப் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினான். சிக்வால்டி இல்லாததால் போழேனாவைப் பார்த்தான். "சறுக்குவண்டி அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு."

"இங்கதான இருக்காரு. நீங்களே கேளுங்க," என்றாள் போழேனா. பயந்த கோபம் இன்னும் அவளுக்கு அடங்கவில்லை.

பெர்குர் என் கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தான்.

"பதினாலு எடத்துல கோடு போட்டிருக்காடா இவ," என்றான். "பதினாலுல ஒண்ணுல கூட நீ இல்லையே."

பதினோரு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். என் வாயில் உடனே வந்தது 'கயிறு' என்ற சொல். அதில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அந்த வாக்கியத்தை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அதை விழுங்கினேன்.

"நான்தான்," என்றேன். "நான் கட்டல, பெர்குர். அன்னைக்கு டிவியில நம்ம நாட்டு ஹேண்ட்பால் ஆட்டம். ரெண்டாவது பாதி தொடங்கப் போவுது. கயித்த ஒரே ஒரு சுத்து சுத்திப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடிட்டேன். ஆட்டம் முடிஞ்சு வந்து நல்லாக் கட்டிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் வரவும் இல்ல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

சொல்லி முடித்தபோது என் பல் கிட்டியது, நாற்பது டிகிரி வெந்நீரில். இவ்வளவு சின்னக் காரணம் என்பதுதான் எனக்கு எப்போதும் வெட்கம். ஒரு புயலோடு போராடித் தோற்றிருந்தால் மறுநாளே சொல்லியிருப்பேன். ஆட்டம் பார்க்கப் போனேன். அந்த ஆட்டத்திலும் நாங்கள் ஐந்து கோலில் தோற்றோம்.

பெர்குர் தாளை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"எப்படி?"

"அடுப்படி ஜன்னல்லருந்து பாத்தேன். ஒத்தைச் சுத்துன்னு அங்கருந்தே தெரிஞ்சுது. எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் பெருசா ஒண்ணுமில்ல. எறங்கிப் போயிருக்கலாம்."

"ஏன் போகல?"

அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "நானும் ஆட்டந்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஹுல்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போழேனா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்புறம் எதுக்குடா பதினோரு வருஷம்?" என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீ மொதல்ல சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொன்னா நானும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ சொல்லல. நேத்து நானே சொல்லிடலாம்னு தொண்டையக் கனைச்சேன், நீ எந்திரிச்சு ஓடிட்டே."

நான் அழுதேன். வெந்நீர்த் தொட்டியில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தது. பெர்குர் காலை நீட்டினான். என் முழங்காலில் இடித்தது, அவன் எடுக்கவில்லை, நானும் நகரவில்லை.

"ரெண்டு கழுதைகளா," என்றாள் ஹுல்டா. "இப்ப என் கொடிய என்ன பண்றது? பாதியில விட்ட கொடிய அப்படியே எறக்க முடியாது. அடக்கம் முடிஞ்சா உச்சிக்கு ஏத்திட்டுத்தான் எறக்கணும். அடக்கம் பண்ண ஆளு இங்க குளிச்சுக்கிட்டிருக்கான்."

"நான் வந்து ஏத்துறேன்," என்றான் பெர்குர்.

அரை மணி நேரம் கழித்து, ஈரத் தலையில் கம்பளித் தொப்பியோடு, நாங்கள் இரண்டு பேரும் ஆலை முற்றத்துக்குப் போனோம். ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். செத்தவன் நடந்து வருவதைப் பார்த்துப் பாதிரியார் காப்பிக் கோப்பையை நழுவவிட்டார். என் மாணவர்கள் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள், பாடத்தில் இவ்வளவு ஆர்வம் அவர்களுக்கு முன்பு இருந்ததில்லை. கடைக்காரர் என்னிடம் வந்து, தன்னுடைய கட்டுரையும் தயாராக இருக்கிறதா, இருந்தால் ஒரு தடவை படித்துப் பார்க்கலாமா என்று காதில் கேட்டார். இல்லை என்றேன். அது பொய்.

பெர்குர் கயிற்றைப் பிடித்துக் கொடியை ஏற்றினான். பாதியிலிருந்து உச்சிவரை, கைமாற்றிக் கைமாற்றி, படகில் பாய் ஏற்றுகிறவன் மாதிரி. மேலே காற்று பிடித்துக்கொண்டது. யாரோ கை தட்டினார்கள். அவன் கயிற்றின் நுனியை எடுத்து என் பக்கம் நீட்டினான். எல்லாருக்கும் முன்னால், சத்தமாக.

"இந்தா. கட்டு."

ஒரு சுற்று சுற்றினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு சுற்று. அதன் மேல் ஒரு முடிச்சு, முடிச்சின் மேல் ஒரு முடிச்சு. போதும் என்று யாரோ சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்து இன்னும் இரண்டு போட்டேன். பெர்குர் வந்து கையால் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. தான் போட்டிருந்த என் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டான்.

சனிக்கிழமை அவன் தெற்கே போவது மாறவில்லை, வீட்டை விற்றாகிவிட்டது. அதற்கு இடையில் இருந்த இரண்டு நாளும் என் வீட்டில்தான் இருந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் என் அடுப்படியில் உட்கார்ந்து, கீழே விழுந்து நசுங்கிய கசகசா கேக்கைக் கரண்டியால் தின்றுகொண்டு, தன் நினைவுக் கட்டுரையைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தான். சறுக்குவண்டி விஷயத்தில் தூரத்தைக் குறைத்து எழுதிவிட்டேனாம், நாலு கிலோமீட்டர் இழுத்தானாம். அப்போது தொலைபேசி அடித்தது.

ஹுல்டாதான். பொழுது சாய்கிறது, கொடியை இறக்கியாக வேண்டும். இருபது நிமிஷமாக மூன்று பேர் முயன்றும் முடிச்சை அவிழ்க்க முடியவில்லையாம். மீன் அறுக்கிற கத்தியால் கயிற்றையே அறுத்துத்தான் இறக்கினார்களாம்.

"புதுக் கயிறு! யாருய்யா இத இப்படிக் கட்டினது?" என்று கத்தினாள்.

"நான்தான், ஹுல்டா," என்றேன். "நான்தான் கட்டினேன்."

பெர்குர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லாச் சத்தமாச் சொல்லு," என்றான். "ஆலை இரைச்சல்ல அவளுக்குக் கேக்காது."